அம்மாவின் இரண்டு ஃபைல்கள்: முரண்படும் தகவல்களை வைத்து யோசிக்க எந்தத் தர்க்கம்?

அம்மாவுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஃபைல் இருக்கிறது. ஒன்றில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில், அச்சடித்த படிவத்தில் ‘மருந்து அலர்ஜி: இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக். இரண்டுக்கும் நடுவே நான்கு வருஷ இடைவெளி. போன வருஷம் பல்லில் சீழ் கட்டி, ராத்திரி பத்து மணிக்கு அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தோம். பணியில் இருந்த டாக்டர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எதை நம்புறது?” என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்வி இப்போது என் வேலையாகவே வந்து நிற்கிறது. சில கிளினிக்குகளின் நோயாளிப் பதிவுகளை ஒன்றாக இணைக்கும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன். பதிவுகளைச் சேர்த்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. ‘இந்த அலர்ஜி இருந்தால் இந்த மருந்து கூடாது’ என்பது போன்ற விதிகளை அந்தப் பதிவுகள் மேல் ஓடவிட்டு எச்சரிக்கையும் தர வேண்டும். அதாவது மென்பொருள் அனுமானம் செய்தாக வேண்டும். அப்படியானால் அது எந்தத் தர்க்கத்தின்படி அனுமானிக்கும் என்பதை நாங்கள் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு மாதமாகப் படித்துப் பார்த்த வழிகளையும், எதற்காக எதைத் தள்ளினோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். பதிவுகளை இணைக்கும் வேலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

வழக்கமான தர்க்கம் எங்கே உடைகிறது

நாம் கணக்கில் பழகிய செவ்வியல் தர்க்கத்துக்குள் ஒரே ஒரு முரண்பாடு நுழைந்துவிட்டால், அதன் பிறகு எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். மூன்றே படிதான். ‘இவருக்கு அலர்ஜி உண்டு’ என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்படியானால் ‘இவருக்கு அலர்ஜி உண்டு, அல்லது இவர் ரத்தம் ஏபி நெகட்டிவ்’ என்பதும் உண்மைதான். ‘அல்லது’ போட்ட வாக்கியத்தில் ஒரு பக்கம் சரியாக இருந்தால் போதுமே. இப்போது அடுத்த பதிவைப் பார்க்கிறோம்: ‘அலர்ஜி இல்லை’. இரண்டில் ஒன்று நிச்சயம், முதலாவது இல்லை, ஆகவே இரண்டாவது. ரத்தம் ஏபி நெகட்டிவ்! இதே மூன்று படியில் அவர் ரத்தம் பி பாசிட்டிவ் என்றும் காட்டலாம். சி. ஐ. லூயிஸும் சி. எச். லாங்ஃபோர்டும் 1932இல் வெளியிட்ட தர்க்க நூலில் இந்த நிறுவல் இருக்கிறது. இதை ‘வெடிப்பு’ என்கிறார்கள்.

நடைமுறையில் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். சாதாரண டேட்டாபேஸில் நடக்காது. அது கேட்ட வரியைத் தேடி எடுத்துத் தரும், அவ்வளவுதான். ஆனால் ஓ.டபிள்யூ.எல். (OWL) போன்ற, தகவல்களையும் விதிகளையும் சேர்த்து எழுதும் கணினி மொழிகளில் எழுதிய அறிவுத்தொகுப்புகளின் மேல் அனுமானக் கருவியை ஓட்டிப் பாருங்கள். அந்த மொழி செவ்வியல் தர்க்கத்தின் ஒரு துண்டு. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய ஒரே ஒரு முரண்பாடு போதும், தொகுப்பு முழுவதும் முரணானது என்று கருவி அறிவித்துவிட்டு நின்றுவிடும். அது நிற்பது நல்லதுதான், ஏனென்றால் நிற்காவிட்டால் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான பேரின் பதிவு, அம்மாவின் ஒரு டிக்கினால் பயனில்லாமல் போகிறது.

இந்த வெடிப்பைத் தடுக்கும் தர்க்கங்களுக்கு ‘பாராகன்சிஸ்டன்ட்’ என்று 1976இல் பெயர் வைத்தவர் பெரு நாட்டுத் தத்துவவாதி பிரான்சிஸ்கோ மீரோ கெசாடா. நான் ‘முரண் தாங்கும் தர்க்கம்’ என்று சொல்லிக்கொள்கிறேன். இவற்றில் ஒவ்வொன்றும் மேலே சொன்ன படிகளில் எந்த இடத்தில் கைவைக்கிறது என்று பார்த்தால், வித்தியாசங்கள் சுலபமாகப் பிடிபடும்.

முரண் எங்கிருந்து வருகிறது

தர்க்கத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பென்சிலின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 சதவீதம் பேரின் பதிவில் பென்சிலின் அலர்ஜி என்று இருக்கிறது. அவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அலர்ஜி இல்லை. சின்ன வயசில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பை மருந்தின் மேல் போட்டிருப்பார்கள். எப்ஸ்டைன்–பார் வைரஸ் தொற்று இருக்கும்போது பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் கொடுத்தால், அலர்ஜியே இல்லாதவர்களுக்கும் உடம்பெல்லாம் தடிப்பு வருவது டாக்டர்கள் அறிந்ததுதான். வயிற்றுப்போக்கை அலர்ஜி என்று எழுதுவதும் உண்டு. போகட்டும், உண்மையான அலர்ஜி இருந்தவர்களிலும் 100க்கு 80 பேர் அளவில் பத்து வருஷத்தில் அதை இழந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்குப் பழைய பதிவும் சரி, புதிய பதிவும் சரி. அங்கே முரணே இல்லை, தேதி போட மறந்ததுதான் குறை.

இன்னொரு பக்கம், அந்த ‘இல்லை’ என்ற டிக்கின் கதையும் நம்பும்படி இல்லை. கூட்டம் நிறைந்த காலை நேரத்தில் யாரும் எதுவும் கேட்காமலே அதைப் போட்டிருக்கலாம்.

தவறினால் இரண்டு பக்கமும் விலை உண்டு. அலர்ஜி இருப்பவருக்கு மருந்து கொடுத்தால் சில நிமிஷங்களில் மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அலர்ஜி இல்லாதவருக்கு ‘உண்டு’ என்று முத்திரை குத்தினால், ஒவ்வொரு தொற்றுக்கும் அதிக வீச்சுள்ள வேறு ஆன்டிபயாட்டிக் போகும். அதனால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதும், க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற குடல் தொற்றும் கூடுகின்றன. ஆகவே ‘பாதுகாப்புக்காக எப்போதும் உண்டு என்று வைத்துக்கொள்வோம்’ என்ற யோசனையை நாங்கள் முதல் நாளே பேசி, முதல் நாளே கைவிட்டோம்.

ஒன்றை அழித்துவிடலாமா?

குழுவில் முதலில் வந்த யோசனை, புதிதாக வந்த பதிவே செல்லும் என்பது. இதற்குப் பின்னால் மதிப்புமிக்க ஒரு கோட்பாடே இருக்கிறது. 1985இல் கார்லோஸ் ஆல்ச்சுரோன், பீட்டர் யார்டன்ஃபோர்ஸ், டேவிட் மேக்கின்சன் மூவரும் சேர்ந்து, நம்பிக்கைகளை மாற்றிக்கொள்ளும் முறைக்கு விதிகள் வகுத்தார்கள். ஆல்ச்சுரோன் அர்ஜென்டினாவின் சட்ட அறிஞர். சட்டத்தொகுப்பிலிருந்து ஒரு விதியை நீக்கினால் அதோடு வேறு எவை விழ வேண்டும் என்ற கேள்வியிலிருந்து வந்தவர். புதுத் தகவல் வரும்போது அதை ஏற்றுக்கொள், பழையதில் முடிந்த அளவு குறைவாக விட்டுக்கொடு என்பது இந்த முறையின் சாரம்.

சட்டத்துக்கு இது மிகவும் பொருந்தும். புதுச் சட்டம் வந்தால் பழையது போகத்தான் வேண்டும். ஆனால் எங்களுக்கு வரும் புதுத் தகவலுக்கு அப்படி ஓர் அதிகாரம் கிடையாது. கடைசியாக வந்தது என்பதாலேயே அந்த அவசர டிக், அதற்கு முன்பு ஒரு டாக்டர் நேரில் பார்த்து எழுதியதை அழித்துவிடும். அழிந்ததற்குத் தடயமும் இருக்காது. எனக்கு இதில் சமாதானமே இல்லை.

அடுத்தது, எதையும் அழிக்காமல், ‘ஒரு பக்கத்தை அழித்திருந்தால்’ என்று எல்லா விதமாகவும் கற்பனை செய்து பார்ப்பது. நிக்கோலஸ் ரெஷரும் ரூத் மானரும் 1970இல் இதை வகுத்தார்கள். தகவல்களிலிருந்து முரணில்லாத, மேலும் பெரிதாக்க முடியாத தொகுதிகளை எல்லாம் எடு. எல்லாத் தொகுதியிலும் கிடைக்கும் முடிவை மட்டும் நம்பு. 1999இல் மார்செலோ அரேனாஸ், லியோபோல்டோ பெர்டோஸி, யான் ஹோமிட்ஸ்கி ஆகியோர் இதே யோசனையை டேட்டாபேஸுக்குக் கொண்டுவந்தார்கள். முரணான அட்டவணையை எத்தனை விதமாகப் பழுதுபார்க்கலாமோ, அத்தனையிலும் மாறாமல் வரும் விடைதான் நம்பத் தக்க விடை என்றார்கள்.

மூன்று படி நிறுவலை இது தொடங்கவே விடுவதில்லை. இரண்டு பதிவும் ஒரே தொகுதிக்குள் சேராதே. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 30 நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒரு முரண் இருந்தால் பழுதுபார்ப்பு வழிகள் 2இன் 30 அடுக்கு, அதாவது நூறு கோடிக்கும் மேல். ஆனால் எளிய கேள்விகளுக்கு இவை எல்லாவற்றையும் உண்மையில் உருவாக்கிப் பார்க்க வேண்டியதில்லை, கேள்வியையே திருத்தி எழுதி விடை வாங்கிவிடலாம். கடினமான கேள்விகளுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை.

எங்களைத் தடுத்தது கணக்கின் அளவு இல்லை. தகவல் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து விடை மாறுகிறது. ‘அலர்ஜி உண்டு’, ‘ரத்தம் பி பாசிட்டிவ்’ என்று தனித்தனி வரியாக இருந்தால் ரத்த வகை பிழைத்துக்கொள்ளும். ‘அலர்ஜி உண்டு, ரத்தம் பி பாசிட்டிவ்’ என்று ஒரே வரியாக எழுதியிருந்தால், அலர்ஜியோடு ரத்த வகையும் சேர்ந்து போய்விடும். டாக்டர் எழுதிய ஒரு கமாவை நம்பி ஒருவருடைய ரத்த வகை நிற்கக் கூடாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. அம்மாவுக்கு அலர்ஜி உண்டா என்று கேட்டால் இந்த முறை ‘உண்டு’ என்றும் சொல்லாது, ‘இல்லை’ என்றும் சொல்லாது. இரண்டுமே எல்லாத் தொகுதியிலும் இல்லையே. சரி, ஒருமுறைகூட ஆஸ்பத்திரிக்கே போகாத ஒருவரைப் பற்றிக் கேட்டால்? அங்கேயும் அதே மௌனம்தான். இரண்டு பேர் எதிரெதிராகச் சாட்சி சொன்னதும், யாருமே எதுவும் சொல்லாததும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். அன்று ராத்திரி டாக்டர் அம்மாவுக்கு எதுவும் கொடுக்காமல் நிறுத்தி யோசித்தார் என்றால், இரண்டு ஃபைலும் அவர் கையில் இருந்ததுதான் காரணம். எங்கள் மென்பொருள் அந்த இடத்தில் காலிக் கட்டத்தைக் காட்டியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பாரா?

இந்த வித்தியாசம் நம் மரபுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதை பௌத்த அளவை (தர்க்க) நூல்களை ஒட்டி ஏதுப் போலிகளை, அதாவது பிழையான காரணங்களை, வகைப்படுத்துகிறது. முடிவுக்குக் கொண்டுபோகாத ஏதுக்கள் ஆறில் கடைசியாக வருவது விருத்த வியபிசாரி: ஒரே பொருளைப் பற்றி ஓர் ஏது ஒரு முடிவைத் தருகிறது, இன்னோர் ஏது அதற்கு நேர் எதிரானதைத் தருகிறது. இதன் வடமொழி மூல மரபில், இப்படிப்பட்ட இரண்டு ஏதுவும் சேர்ந்து பிறப்பிப்பது ஐயம் என்கிறார்கள். ஐயம் என்பது ஒரு நிலை. அறியாமையிலிருந்து அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியதும் அந்தப் பிரிவுதான்.

எண்ணாக மாற்றினால்?

நிகழ்தகவு போட்டுவிடலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். எண் நம்பகமாகக் கிடைக்கும் இடத்தில் அதுவே சிறந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 0.5 என்ற எண், இரண்டு பலமான சாட்சிகள் மோதியதாலும் வரலாம், ஒன்றுமே தெரியாததாலும் வரலாம். மறுபடி அதே காலிக் கட்டம்.

இதைச் சரிசெய்வதற்கென்றே டெம்ப்ஸ்டர்–ஷாஃபர் முறை சான்றுகளைத் தனியாக எடைபோட்டுச் சேர்க்கிறது. அதைப் பற்றி லோட்ஃபி ஜாதே 1979இல் காட்டிய உதாரணம் என்னை உலுக்கிவிட்டது. ஒரே நோயாளியை இரண்டு டாக்டர்கள் பார்க்கிறார்கள். முதலாமவர், மூளைக்காய்ச்சலாக இருக்க 0.99, மூளைக் கட்டியாக இருக்க 0.01 என்கிறார். இரண்டாமவர், தலையில் அடிபட்ட அதிர்ச்சியாக இருக்க 0.99, கட்டியாக இருக்க 0.01 என்கிறார். இருவரும் ஒத்துப்போகும் ஒரே இடம் கட்டி. விதிப்படி மோதும் பகுதிகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை முழுசாக்கினால், கட்டி என்பதற்கு எடை 1. இருவருமே கிட்டத்தட்ட இல்லை என்று சொன்ன நோய் நிச்சயமாகிவிடுகிறது! முரணைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கையை நான் பார்க்கவில்லை. பிற்காலத்தில் மாற்று விதிகள் வந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

எண்ணோடு முரணையும் பத்திரமாக வைத்திருக்கும் வழி, ‘அனோட்டேட்டட் லாஜிக்’, அதாவது குறிப்பு இணைத்த தர்க்கம், எனப்படும் குடும்பம். 1987இல் வி. எஸ். சுப்ரமணியன் தொடங்கிவைத்தார். பிரேசில் தர்க்கவாதிகள் அதை வளர்த்தார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதரவு எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு என்று இரண்டு எண் தனித்தனியாக இருக்கும். இரண்டும் உயரமாக இருந்தால் முரண், இரண்டும் தாழ்ந்திருந்தால் அறியாமை. எம்மி என்ற பிரேசில் ரோபோ தடைகளைக் கண்டுகொள்ள இந்தத் தர்க்கத்தைத்தான் பயன்படுத்தியது. சென்சாரிலிருந்து எண் தானாக வரும் இடத்துக்கு இதையே சிபாரிசு செய்வேன். ஆனால் சிவப்பு மையில் போட்ட அடிக்கோட்டுக்கு என்ன எண் கொடுப்பது? நாங்களே ஏதாவது ஓர் எண்ணைப் போட்டால் அது பார்ப்பவருக்கு அளந்து எடுத்த எண் மாதிரி தோன்றும். வேண்டாம் என்று விட்டோம்.

முரணை உள்ளேயே வைத்துக்கொள்ளும் தர்க்கங்கள்

போலந்தின் ஸ்டானிஸ்லாவ் யாஸ்கோவ்ஸ்கி 1948இல் ஒரு கலந்துரையாடலைக் கற்பனை செய்தார். பலர் பேசுகிறார்கள், ஒவ்வொருவரும் தமக்குள் முரணில்லாமல் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு மோதுகிறது. யாராவது ஒருவர் சொன்னாலே அது சபையில் சொல்லப்பட்டது. ஆனால் இவர் சொன்னதையும் அவர் சொன்னதையும் ஒட்டி ‘இதுவும் அதுவும்’ என்று ஒரே கூற்றாக்க முடியாது. மூன்றாம் படியில் ஓர் ஆஸ்பத்திரியின் ‘அல்லது’ வாக்கியத்தையும் அடுத்த ஆஸ்பத்திரியின் ‘இல்லை’ என்பதையும் சேர்க்கிறோமே, அந்தச் சேர்க்கையைத்தான் இது மறுக்கிறது.

எங்கள் நிலைமைக்கு அளந்து தைத்தது போலத் தோன்றியது. இரண்டு ஆஸ்பத்திரி, இரண்டு பேச்சாளர். ஆனால் பதிவுகளை இணைப்பதே, ஓரிடத்தின் தகவலோடு இன்னோரிடத்தின் தகவலைச் சேர்த்துப் பார்க்கத்தானே? பழைய கிளினிக் அலர்ஜி என்கிறது, இன்றைய கிளினிக் அமாக்சிசிலின் எழுதுகிறது, எச்சரிக்கை இரண்டும் சேர்ந்தால்தான் வரும். யாஸ்கோவ்ஸ்கி இதற்கென்றே ‘யாராவது இதைச் சொல்லியிருந்தால், அது’ என்ற வகையில் தனி நிபந்தனைக் குறி வைத்திருக்கிறார், அது கொஞ்ச தூரம் உதவுகிறது. இன்னொரு சிக்கலுக்கு அவரிடம் மருந்தில்லை: ஒரே பேச்சாளர் தமக்குள்ளேயே முரண்பட்டால் மறுபடி வெடிக்கும். ஒரே ஃபைலின் மூன்றாம் பக்கமும் பதினெட்டாம் பக்கமும் மோதுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பிரேசிலின் நியூட்டன் ட கோஸ்டா 1963இல் வேறு வழி பிடித்தார். எல்லாக் கூற்றையும் சந்தேகப்பட வேண்டாம், எவை ஒழுங்கானவை என்பதைத் தர்க்கத்துக்குள்ளேயே சொல்லும்படி செய்வோம் என்றார். ஒழுங்கானது என்று குறிக்கப்பட்ட கூற்றில் செவ்வியல் விதிகள் அனைத்தும் செல்லும், அதில் முரண் வந்தால் வெடிக்கும். குறிக்கப்படாததில் முரண் வந்தால் எதுவும் ஆகாது. எனக்கு இந்த எண்ணம் மிகவும் பிடித்திருக்கிறது. ரத்த வகையை ஆய்வகத்தில் இரண்டு தரம் சோதித்திருந்தால் அதை ஒழுங்கானது என்று குறித்துவிடலாம். அதில் முரண் வந்தால் உண்மையிலேயே அலாரம் அடித்து எல்லாம் நிற்கட்டும்.

ஆனால் அவருடைய முதல் அமைப்பை அப்படியே மென்பொருளாக்குவது கஷ்டம். அதில் ‘அ-வும் ஆ-வும்’ என்பதும் ‘ஆ-வும் அ-வும்’ என்பதும் சமம். ஆனால் அவற்றின் மறுப்புகள் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரிசையை மாற்றி எழுதியதால் பொருள் மாறக்கூடிய ஒரு ‘இல்லை’யை நர்ஸிடம் எப்படி விளக்குவேன்? எண்ணத்தை எடுத்துக்கொண்டோம், அமைப்பை எடுக்கவில்லை.

கிரஹாம் பிரீஸ்ட் 1979இல் வெளியிட்ட முரண்புதிர்த் தர்க்கத்தை வேகமாகவே கடந்துவிடுகிறேன். உண்மை, பொய், இரண்டும் என்று மூன்று மதிப்பு. ‘இந்த வாக்கியம் பொய்’ போன்றவை நிஜமாகவே உண்மையும் பொய்யுமாக இருக்கின்றன என்ற அவருடைய நம்பிக்கைக்காகக் கட்டியது. அம்மாவுக்கு நிஜத்தில் அலர்ஜி இருந்தும் இல்லாமலும் இல்லை, முரண் ஃபைல்களில்தான் இருக்கிறது. அதோடு இதில் ‘இரண்டும் இல்லை’ என்பதற்கு இடமே கிடையாது. அது இல்லாமல் எங்களால் முடியாது.

அந்த இடத்தைக் கொடுப்பவர் நூயல் பெல்னாப். 1977இல், கணினி எப்படி யோசிக்க வேண்டும் என்ற கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டார். மைக்கேல் டன் ஏற்கனவே செய்திருந்த வேலையின் மேல் கட்டினார். பல இடங்களிலிருந்து தகவல் வாங்கும் கணினி, ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கில் ஒன்றைக் குறித்துக்கொள்கிறது: உண்மை என்று மட்டும் சொன்னார்கள், பொய் என்று மட்டும் சொன்னார்கள், இரண்டும் சொன்னார்கள், ஒன்றும் சொல்லவில்லை. இது உலகம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை, கணினிக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைச் சொல்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறக்க முடியாது. இரண்டு ஃபைலையும் கையில் வைத்திருந்த டாக்டரின் நிலைமை அப்படியே அதில் இருந்தது.

‘உம்’, ‘அல்லது’ எல்லாம் இதில் எப்படிக் கணக்காகின்றன என்று பாருங்கள். முதலில் விசித்திரமாக இருக்கும். ஒரு கூற்று ‘இரண்டும்’, இன்னொன்று ‘ஒன்றுமில்லை’. இரண்டையும் ‘உம்’ போட்டுச் சேர்த்தால் கிடைப்பது ‘பொய்’. ஏன்? சேர்ந்த கூற்று உண்மை என்று சொல்லப்பட, இரண்டு பக்கமும் உண்மை என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆகவே அது நடக்கவில்லை. பொய் என்று சொல்லப்பட, ஒரு பக்கம் பொய் என்று சொல்லப்பட்டாலே போதும். முதலாவது அப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது. மிச்சம் ‘பொய்’ மட்டும். அதே காரணத்தால் ‘அல்லது’ போட்டால் ‘உண்மை’. ஒருதரம் கைப்பட எழுதிப் பார்த்தால் பழகிவிடும்.

காலிக் கட்டம், ‘அலர்ஜி இல்லை’, மோதும் பதிவு மூன்றையும் இது பிரித்துவிடுகிறது. டேட்டாபேஸ் மொழியான எஸ்.க்யூ.எல்.-இல் காலி இடத்தைக் குறிக்கும் ‘நல்’ (NULL) மதிப்பால் இது முடியாது. மருத்துவப் பதிவுப் பரிமாற்றத்துக்கான ஃபையர் (FHIR) தரத்தில் அலர்ஜிப் பதிவுக்கு ‘உறுதிசெய்யப்படாதது’, ‘உறுதியானது’, ‘மறுக்கப்பட்டது’, ‘தவறாகப் பதிந்தது’ போன்ற நிலைகள் உண்டு. அது ஒரு பதிவின் நிலையைச் சொல்கிறது. இரண்டு பதிவு மோதும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் பெல்னாப்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இது உடைப்பது மூன்றாம் படியை: ‘இரண்டில் ஒன்று, முதலாவது இல்லை, ஆகவே இரண்டாவது’. டாக்டர்கள் தினமும் செய்யும் அனுமானம் இது. வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென், அமாக்சிசிலின் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டவருக்குத் தடிப்பு வருகிறது. இரண்டில் ஒன்றுதான் காரணம். ஐபுப்ரோஃபென் இல்லை என்று தெரியவருகிறது, அப்படியானால் அமாக்சிசிலின். பெல்னாப்பின் தர்க்கத்தில் இந்த முடிவுக்கு வர முடியாது. ஐபுப்ரோஃபென் பற்றிய தகவலே ‘இரண்டும்’ என்று இருந்தால், ‘இரண்டில் ஒன்று’ என்ற வாக்கியம் அந்த ஒரு பக்கத்தின் பலத்தில் மட்டுமே நின்றிருக்கலாமே. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் முரணே இல்லாத நோயாளிகளுக்கும் அதே பயத்தால் இந்த அனுமானத்தை மறுப்பது வீண்.

அந்தக் குறையைத் தீர்ப்பது பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டிடெரிக் பாட்டன்ஸ் 1980களிலிருந்து வளர்த்த தகவமைத் தர்க்கங்கள். எதிலும் முரண் இல்லை என்றே எடுத்துக்கொண்டு செவ்வியல் விதிகளோடு முன்னே போ, எந்த நம்பிக்கையின் மேல் அந்த அடியை வைத்தாய் என்று ஓரத்தில் குறித்துவை, பிறகு அங்கே முரண் வெளிப்பட்டால் அந்த வரியை மட்டும் வாபஸ் வாங்கு. ஐபுப்ரோஃபென் விஷயத்தில் மோதல் இல்லாதவரை அமாக்சிசிலின் என்ற முடிவு நிற்கும். மோதல் தெரிந்த நிமிஷம் விழும். சிக்கல், காலையில் சொன்ன விடை சாயங்காலம் இல்லாமல் போகலாம். காலையில் பார்த்த டாக்டருக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

பான் மின் டுங் 1995இல் வகுத்த வாத வலையையும் பார்த்தோம். எந்த வாதம் எதைத் தாக்குகிறது என்ற படமாக எல்லாவற்றையும் வரைவது. விளக்கம் சொல்ல மிக நல்லது. ஆனால் ஒன்றையொன்று தாக்கும் இரண்டு பதிவு மட்டும் இருக்கும்போது அதன் எச்சரிக்கையான விடை, இரண்டையும் ஏற்காதே என்பதுதான். மூன்றாவதாகத் தோல் சோதனை முடிவு ஒன்று வந்து ஒரு பக்கத்தைத் தாக்கும்போதுதான் அதன் பலம் தெரிகிறது.

நாங்கள் எடுத்த முடிவு

சேமிப்பது பெல்னாப்பின் நான்கு மதிப்பில். அதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் கீழே யார், எப்போது, எதைப் பார்த்துச் சொன்னார் என்பது தனித்தனியாக இருக்கும், எதுவும் அழியாது. தேதி வேறு என்பதாலேயே தீரும் மோதலை மோதலாக எண்ணுவதில்லை. ஆய்வகம் உறுதிசெய்தவற்றுக்கு ட கோஸ்டாவின் ஒழுங்குக் குறி.

எச்சரிக்கை விதிகள் பெல்னாப்போடு நின்றுவிடும். ‘உண்டு’ என்று சொல்லப்பட்டாலே, ‘இல்லை’ என்றும் சொல்லப்பட்டிருந்தாலும், எச்சரிக்கை எழும். ஆனால் இரண்டுக்கும் திரையில் வேறு வாசகம். எதனால் தடிப்பு வந்தது என்று காரணம் தேடும் பகுதிக்கு மட்டும் தகவமை முறை. விடை யார் கண்ணில் பட்டது என்ற பதிவோடுதான் அது ஓடும், வாபஸானால் அவருக்குச் செய்தி போகும். இதைக் குழுவில் ஒருவர் இன்னும் எதிர்க்கிறார். டாக்டர்களுக்கு ஏற்கனவே வரும் எச்சரிக்கைகளே அதிகம், வாபஸ் செய்தியும் சேர்ந்தால் எதையும் படிக்க மாட்டார்கள் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அந்தப் பகுதி முதலில் ஒரே ஒரு கிளினிக்கில் மூன்று மாதம் ஓடும்.

அம்மாவின் பதிவைத்தான் சோதனைக்கு முதலில் உள்ளே போட்டேன். திரையில் வந்த வாசகத்தை நாங்கள் நான்கு தரம் திருத்தி எழுதினோம். இப்போது இப்படி வருகிறது: ‘பென்சிலின் அலர்ஜி: உண்டு என்று 1 பதிவு (கையால் எழுதியது, காரணம் எழுதவில்லை). இல்லை என்று 1 பதிவு (படிவம்). நோயாளியிடம் கேட்கவும்: எந்த வயதில், என்ன மருந்துக்கு, உடம்பில் என்ன ஆனது?’